தோற்றாலும் லாபம்

2022 ஏப்ரலில் சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் பேஸ்பால் பருவம் தொடங்கியபோது ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய சில மாதங்களில் நன்றாக ஆடிய வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக வேறு அணிகளுக்குத் தள்ளிவிடப்பட்டிருந்தார்கள். ரசிகர்கள் இன்னும் ஏன் உங்களை நம்ப வேண்டும் என்று அணியின் தலைவர் ஃபில் காஸ்டெல்லினியிடம் கேட்டார்கள். இவர் உரிமையாளரின் மகன். அவர் சொன்ன பதிலின் சாரம், வேறு எங்கே போய்விடுவீர்கள் என்பதுதான். அணியை விற்றால் வாங்குகிறவர் வேறு ஊருக்கே கொண்டுபோய்விடலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். அன்றைக்கே மன்னிப்பும் கேட்டார். அந்த அணி முதல் 25 ஆட்டங்களில் 22 தோற்றது. பருவம் முடியும்போது தோல்விக் கணக்கு சரியாக 100.

அந்தப் பேச்சு இன்றுவரை மறக்கப்படாததற்குக் காரணம், அதில் ஆணவத்தோடு உண்மையும் இருந்ததுதான். அமெரிக்காவின் மேஜர் லீகில் 30 அணிகள். ஓர் ஊருக்கு ஓர் அணி. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ போன்ற பெருநகரங்களுக்கு இரண்டு. கடைசி இடத்துக்கு வந்தாலும் அந்த அணி கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படுவதில்லை. போட்டியாக இன்னோர் அணியை ஊருக்குள் யாரும் கொண்டுவரவும் முடியாது. ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று 1922-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பெருமளவு இன்றும் செல்லுபடியாகிறது. ஆக, சின்சினாட்டியிலோ பிட்ஸ்பர்கிலோ பிறந்து பேஸ்பாலை நேசிக்கும் ஒருவருக்கு உள்ளூர் அணியை விட்டால் போக்கிடம் இல்லை.

சிறு நகர ரசிகரின் கோபத்துக்கு இரண்டு இலக்குகள். ஒன்று, பணக்கார அணிகளுக்கு எல்லையில்லாமல் செலவழிக்க இடம் தரும் லீக் அமைப்பு. மற்றது, அந்த அமைப்பைக் காரணம் காட்டிக்கொண்டே பையை மூடி வைத்திருக்கும் சொந்த ஊர் முதலாளி. இந்த இரண்டில் எது பெரிய குற்றவாளி என்ற வழக்கு முப்பது ஆண்டுகளாக நடக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஜாமீன் கொடுத்துக்கொள்கின்றன என்பது என் வாதம்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். நாடு முழுக்க ஒளிபரப்பாகும் ஆட்டங்களுக்கான தொலைக்காட்சிப் பணத்தை 30 அணிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆனால் பருவத்தின் 162 ஆட்டங்களில் பெரும்பாலானவை உள்ளூர் கேபிள் சேனல்களில்தான் ஓடுகின்றன. அந்த ஒப்பந்தம் அந்தந்த அணியின் சொந்த வியாபாரம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2013-இல் கையெழுத்திட்ட உள்ளூர் ஒப்பந்தத்தின் மதிப்பு 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர், அதாவது சராசரியாக ஆண்டுக்கு 33 கோடிக்கு மேல். சிறு நகர அணிகளுக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டமும் 2023 மார்ச்சில் ஆட்டம் கண்டது. பல அணிகளின் ஆட்டங்களை ஒளிபரப்பிவந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் அப்போது திவால் மனு போட்டது.

செலவுப் பக்கத்தில் உச்சவரம்பு கிடையாது. ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இதுதான் முதலில் வியப்பாக இருக்கும். 2025-ஆம் ஆண்டு ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒரே அளவு, 120 கோடி ரூபாய். அமெரிக்கக் கால்பந்தில் 1994 முதல் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. ஐஸ் ஹாக்கி ஒரு முழுப் பருவத்தைப் பலி கொடுத்து 2005-இல் அதைக் கொண்டுவந்தது. பேஸ்பாலில் இருப்பதெல்லாம் ‘ஆடம்பர வரி’. ஓர் எல்லையைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு வரி கட்ட வேண்டும். கட்டிவிட்டுத் தாராளமாகத் தாண்டலாம். 2024-இல் டாட்ஜர்ஸ் கட்டிய வரி 10 கோடி டாலருக்கு மேல். 2025-இல் அது 16 கோடியையும் தாண்டியது, பல அணிகளின் மொத்தச் சம்பளத்தைவிட அதிகம். அந்தப் பருவத் தொடக்கத்தில் நியூயார்க் மெட்ஸும் டாட்ஜர்ஸும் 32 கோடி டாலர் அளவில் சம்பளம் வைத்திருந்தபோது, மயாமி மார்லின்ஸிடம் இருந்தது ஏறக்குறைய 7 கோடி.

இந்த ஏற்பாட்டை வெறும் அநியாயம் என்று தள்ளிவிடவும் முடியாது. வீரர்கள் தரப்பில் ஒரு நீண்ட நியாயம் இருக்கிறது. 1975 வரை ஒரு வீரர் கையெழுத்திட்ட அணிக்கே ஆயுள் முழுக்கச் சொந்தம். விற்றால் போக வேண்டும். அதை எதிர்த்து வழக்குப் போட்ட கர்ட் ஃப்ளட் 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் மெசர்ஸ்மித், மெக்நேலி என்ற இரு பந்துவீச்சாளர்களின் வழக்கில் கொடுத்த தீர்ப்புதான் கதவைத் திறந்தது. இன்று ஆறு ஆண்டு சேவை முடித்தவர் யாரிடமும் விலை பேசலாம். 1994-இல் முதலாளிகள் உச்சவரம்பைத் திணிக்கப் பார்த்தபோது வீரர்கள் ஆகஸ்ட் 12 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1904-க்குப் பிறகு முதல் முறையாக, பட்டத்துக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் நடக்கவில்லை. அந்த வேலைநிறுத்தம் தொடங்கிய நாளில் மொத்த லீகிலும் முதலிடத்தில் இருந்தது ஒரு சிறு பட்ஜெட் அணி, மாண்ட்ரியால் எக்ஸ்போஸ்: 74 வெற்றி, 40 தோல்வி. அடுத்த வசந்தத்தில் அந்த அணியைத் துண்டு துண்டாக விற்றார்கள். 2005-இல் எக்ஸ்போஸ் வாஷிங்டனுக்கே போய்விட்டது. சிறு நகரங்களைக் காப்பாற்றத்தான் உச்சவரம்பு என்று சொல்லித் தொடங்கிய போரில் முதலில் விழுந்தது சிறு பட்ஜெட் அணி ஒன்றுதான்.

பணம் வெற்றியை வாங்குகிறதா? 1990-களின் பிற்பகுதியில் இதற்கு விடை வெளிப்படை. லீக் நியமித்த குழு ஒன்று 2000-இல் அறிக்கை கொடுத்தது. அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் பால் வோல்க்கர், செனட்டராக இருந்த ஜார்ஜ் மிட்செல் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். 1995 முதல் 1999 வரை, சம்பளச் செலவில் கீழ்ப்பாதியில் இருந்த எந்த அணியும் பிளே-ஆஃபில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை என்றது அறிக்கை. 1999 ஏப்ரலில் யாங்கீஸ் அணி கான்சஸ் சிட்டிக்கு வந்தபோது, செல்வத்தைப் பகிர்ந்துகொள் என்று எழுதிய சட்டையோடு வந்த உள்ளூர் ரசிகர்கள் ஆட்டத்தின் நடுவிலேயே எழுந்து வெளியேறினார்கள்.

ஆனால் அடுத்த கால் நூற்றாண்டு அத்தனை எளிதாக அந்த முடிவுக்குள் அடங்கவில்லை. 2001 முதல் 2024 வரை எந்த அணியும் தொடர்ந்து இரண்டு முறை பட்டம் வெல்லவில்லை. 2025-இல்தான் டாட்ஜர்ஸ் அதைச் செய்தது. அதே 2025-இல் ஹுவான் சோட்டோ ஒருவருக்கு மட்டும் 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் எழுதிக்கொடுத்த மெட்ஸ் பிளே-ஆஃபுக்கே வரவில்லை. கடைசி நாளில் மயாமியிடம் தோற்று, தன்னோடு சமமாக 83 வெற்றி பெற்றிருந்த அணிக்கு இடத்தை விட்டுக்கொடுத்தது. அந்த அணி, நமது சின்சினாட்டி ரெட்ஸ்.

குறுகிய தொடர்களில் எதுவும் நடக்கும் விளையாட்டு இது. ஆக பணம் பட்டத்தை உறுதி செய்வதில்லை. அது வாங்கித் தருவது தவறு செய்யும் உரிமையை. பெரிய அணி ஓர் ஒப்பந்தத்தில் 15 கோடி டாலரைத் தொலைத்தால் அடுத்த ஆண்டு இன்னொருவரை வாங்கிக்கொள்கிறது. சிறிய அணி அதே தவறைச் செய்தால் ஐந்தாறு ஆண்டுகள் போய்விடும்.

இனி பிட்ஸ்பர்க். இந்தக் கேள்வியின் எல்லாக் கோணங்களும் ஒரே ஊரில் கிடைக்கின்றன.

1887-இலிருந்து நேஷனல் லீகில் ஆடும் பைரேட்ஸ் ஐந்து முறை வேர்ல்ட் சீரிஸ் வென்ற அணி, கடைசியாக 1979-இல். 1992 அக்டோபரில் அட்லாண்டாவுக்கு எதிரான பிளே-ஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பந்தில், பைரேட்ஸின் பழைய வீரரான சிட் ப்ரீம் மெதுவான கால்களோடு சறுக்கி வீடு சேர்ந்தார்; பிட்ஸ்பர்க் தோற்றது. அந்தக் குளிர்காலத்தில் அணியின் நட்சத்திரம் பாரி பாண்ட்ஸ் ஆறு ஆண்டுக்கு 4.375 கோடி டாலர் வாங்கிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். பிறகு 1993 முதல் 2012 வரை இருபது ஆண்டுகள், ஒன்றில்கூட வெற்றிகள் தோல்விகளைத் தாண்டவில்லை. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகளில் இதைவிட நீண்ட தோல்வித் தொடர் கிடையாது. பிட்ஸ்பர்கில் வாக்களிக்கும் வயதை எட்டியவர்கள், தங்கள் அணி ஜெயித்த ஒரு பருவத்தைக்கூடப் பார்த்திராமல் எட்டினார்கள்.

இதே ஊரில் ஸ்டீலர்ஸ் என்ற கால்பந்து அணி ஆறு சூப்பர் பௌல் வென்றிருக்கிறது. 1998-இல் திவாலான பெங்குவின்ஸ் ஹாக்கி அணி, உச்சவரம்பு வந்த பிறகு 2009, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளில் கோப்பை தூக்கியது. (சிட்னி க்ராஸ்பி என்ற பையன் 2005-இல் குலுக்கலில் கிடைத்தது உச்சவரம்பின் சாதனை இல்லைதான்.) அதே ஊர், அதே மக்கள்தொகை, அதே சட்டைப்பைகள். கால்பந்தில் தொலைக்காட்சிப் பணம் ஏறக்குறைய முழுவதும் சமமாகப் பங்கிடப்படுகிறது, பேஸ்பாலில் இல்லை. குற்றம் அமைப்பின் மீதுதான் என்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

எதிர்த்தரப்புக்கும் சாட்சி இருக்கிறது: மில்வாக்கி. பிட்ஸ்பர்கைவிடச் சிறிய தொலைக்காட்சிச் சந்தை. அதன் ப்ரூவர்ஸ் அணி 2018 முதல் 2025 வரையிலான எட்டுப் பருவங்களில் ஏழில் பிளே-ஆஃபுக்குப் போனது. 2025-இல் 97 வெற்றிகளோடு லீகிலேயே முதலிடம். அந்த எட்டு ஆண்டுகளில் பைரேட்ஸ் ஒரு முறைகூடப் போகவில்லை. அமைப்பு இருவருக்கும் ஒன்றுதானே?

பிட்ஸ்பர்க் ரசிகரின் குற்றப்பத்திரிகையைப் படித்தால் அதில் பாதி, சம்பள ஏற்றத்தாழ்வோடு சம்பந்தமே இல்லாதது. 2003-இல் கடன் நெருக்கடியில் அராமிஸ் ராமிரெஸ் என்ற இளம் மட்டையாளரைச் சிகாகோவுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். 2007-இல் இளம் வீரர்களுக்கான தேர்வில் மேட் வீட்டர்ஸ் கேட்கும் தொகைக்குப் பயந்து அவரைத் தாண்டிப்போய் மலிவான ஒரு பந்துவீச்சாளரை எடுத்தார்கள். அந்த ஜூன் 30 அன்று ரசிகர்கள் மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் எழுந்து நடந்தார்கள். நட்சத்திர வீரர்களான மெக்கச்சன், ஜெரிட் கோல் இருவரையும் 2018 ஜனவரியில் ஒரே வாரத்துக்குள் விற்றார்கள். வெளிச்சந்தையில் ஒரு வீரருக்கு இந்த அணி கொடுத்த பெரிய ஒப்பந்தமாகப் பல ஆண்டுகள் நின்றது, 2014 டிசம்பரில் லிரியானோவுக்குக் கொடுத்த 3.9 கோடி டாலர். கோலுக்கு யாங்கீஸ் பிறகு கொடுத்தது 32.4 கோடி.

2025 வசந்தத்தில் இன்னும் இரண்டு சேர்ந்தன. பைரேட்ஸின் பழைய நாயகன் ராபர்ட்டோ கிளமென்டேயின் எண் 21 என்பதால் பிஎன்சி பார்க் மைதானத்தின் வலப்பக்கச் சுவரே 21 அடி உயரத்தில் கட்டப்பட்டது. நிகராகுவா நிலநடுக்க நிவாரணத்துக்குப் பொருள் கொண்டுபோன விமானம் 1972-இன் கடைசி இரவில் விழுந்து இறந்தவர் அவர். பிட்ஸ்பர்கில் அவர் பெயரை யாரும் சாதாரணமாக உச்சரிப்பதில்லை. அந்தச் சுவரில் இருந்த அவருடைய அடையாளத்தை எடுத்துவிட்டு ஒரு மதுபான விளம்பரத்தை ஒட்டினார்கள். கூச்சல் எழுந்ததும் திருப்பி வைத்தார்கள். அதே மாதத்தில், மைதானம் திறந்தபோது ரசிகர்கள் காசு கொடுத்துப் பெயர் பொறித்துப் பதித்த செங்கற்கள் ஒரு மறுசுழற்சிக் கிடங்கில் குவிந்து கிடக்கும் படம் வெளியானது. செங்கல்லைக் குப்பைக்கு அனுப்பச் சொல்லி டாட்ஜர்ஸ் வற்புறுத்தவில்லை.

சொந்த மைதானத்தின் முதல் ஆட்டத்திலேயே அணியை விற்றுவிடு என்று உரிமையாளர் பாப் நட்டிங்குக்கு எதிரான முழக்கம் எழுந்தது. அதையே எழுதிய பதாகையோடு ஒரு சிறு விமானம் தலைக்கு மேல் சுற்றியது. நட்டிங் குடும்பம் செய்தித்தாள் தொழிலில் பணம் பார்த்தது. 1996-இல் 9.5 கோடி டாலருக்குக் கைமாறிய இந்த அணியின் மதிப்பு இன்று 130 கோடி டாலர் அளவில் சொல்லப்படுகிறது. மைதானத்தைக் கட்டியது பெரும்பாலும் பொதுப்பணம். அதற்காக 1997-இல் விற்பனை வரியை உயர்த்தலாமா என்று பதினோரு மாவட்டங்களில் வாக்கெடுப்பு நடத்தினார்கள், மக்கள் வேண்டாம் என்றார்கள், பிறகு வேறு வழியில் பணம் எடுத்துக் கட்டிவிட்டார்கள்.

இப்போது விஷயத்தின் கருவுக்கு வருவோம். பெரிய அணிகளின் பணம் சிறிய அணிகளுக்குப் போகவே இல்லை என்பதில்லை. ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் நிகர வருவாயில் 48 சதவீதத்தைப் பொதுக் குடத்தில் போட வேண்டும். குடத்தில் இருப்பது சமமாகப் பிரிகிறது. நிறையப் போடுகிறவன் கொடுப்பவன், குறையப் போடுகிறவன் பெறுபவன். பெறுகிற அணி அந்தப் பணத்தை ஆட்டத் திறனை வளர்க்கச் செலவிட வேண்டும் என்று ஒப்பந்தமும் சொல்கிறது. ஆனால் இத்தனை கோடியாவது சம்பளத்துக்குச் செலவிட்டே ஆக வேண்டும் என்ற தரைமட்டம் கிடையாது. உதவித்தொகை நிச்சயம், தேசியத் தொலைக்காட்சிப் பங்கு நிச்சயம், கீழ்ப்பிரிவு பயம் இல்லை, அணியின் விலை தானாக ஏறுகிறது. இந்த நிலையில் ஜெயிக்கச் செலவழிப்பது முதலாளிக்கு ஆபத்தான முதலீடு. தோற்பது பாதுகாப்பான வைப்புத்தொகை.

2010 ஆகஸ்டில் சில அணிகளின் ரகசியக் கணக்குகள் வெளியே கசிந்தபோது இது எழுத்தில் தெரிந்தது. 2007, 2008 இரண்டு பருவங்களிலும் தலா தொண்ணூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்ற பைரேட்ஸ், அந்த இரண்டு ஆண்டில் 2.9 கோடி டாலருக்கு மேல் லாபம் பார்த்திருந்தது. கடனை அடைக்கவும் இளம் வீரர் பயிற்சிக்கும் போட்டோம் என்றது நிர்வாகம். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதுவரை ரசிகரிடம் சொல்லப்பட்டுவந்த வார்த்தை, எங்களிடம் பணம் இல்லை என்பது. 2018-இல் வீரர் சங்கம் ஓக்லண்ட், மயாமி, பிட்ஸ்பர்க், டாம்பா பே நான்கின் மீதும், பகிர்வுப் பணத்தை முறையாகச் செலவிடவில்லை என்று புகார் கொடுத்தது.

டாம்பா பேயை மற்ற மூன்றோடு சேர்ப்பது எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அவர்கள் குறைந்த பணத்தில் 2008, 2020 இரு ஆண்டுகளில் வேர்ல்ட் சீரிஸ் வரை போனவர்கள். 2002-இல் சுமார் 4 கோடி டாலர் சம்பளத்தில் 103 ஆட்டங்கள் வென்ற ஓக்லண்ட் தொடங்கிவைத்த வழி அது. மைக்கேல் லூயிஸின் ‘மணிபால்’ அதை உலகறியச் செய்தது. புள்ளிவிவரத்தால் மலிவில் திறமையைக் கண்டுபிடி, விலை ஏறும் முன் விற்றுவிடு. அறிவுக்கு இது அழகான தீர்வு. ரசிகருக்கு அதன் விலை வேறு. 2020 வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில் அபாரமாக வீசிக்கொண்டிருந்த பிளேக் ஸ்னெல்லைப் பாதியில் இறக்கித் தோற்ற டாம்பா பே, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அவரை விற்றது. இப்போது அவர் டாட்ஜர்ஸில். 2025 பட்டம் அவர் கையில். மில்வாக்கியில் இன்னும் கசப்பு. அந்த ஊர்ப் புறநகரிலேயே வளர்ந்த மேலாளர் கிரேக் கவுன்சலை 2023-இல் பக்கத்து ஊர்ச் சிகாகோ கப்ஸ் 4 கோடி டாலருக்கு வாங்கிப்போனது. ஒரு சிறுவன் எந்தப் பெயர் பொறித்த சட்டை வாங்குவது? திறமையான நிர்வாகம் வெற்றிகளைத் தரும். பிடித்த வீரர் தலை நரைக்கும்வரை நம்மோடு இருப்பார் என்ற உறுதியைத் தருவதில்லை.

வேறு வகை முதலாளிகளும் உண்டு. சான் டியாகோவின் பீட்டர் சைட்லர் சிறிய சந்தையில் இருந்துகொண்டே 2023-இல் லீகின் மூன்றாவது பெரிய சம்பளப் பட்டியலைத் தூக்கினார். அணி 82-80 என்று சொதப்பியது. ஆனால் மைதானத்துக்கு 32 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். கான்சஸ் சிட்டி 106 ஆட்டங்கள் தோற்ற கையோடு, 2024 பிப்ரவரியில் பாபி விட் ஜூனியருக்கு 11 ஆண்டுக்கு 28.87 கோடி டாலர் கொடுத்துத் தக்கவைத்தது. அந்த ஆண்டே பிளே-ஆஃப் போனது. கொலராடோ நேர் எதிர்: 2025-இல் 119 தோல்விகள், ஆயினும் 24 லட்சம் பார்வையாளர்கள். அங்கே பணம் இருக்கிறது, ரசிகர் இருக்கிறார். நிர்வாகம் மட்டும் இல்லை.

ரசிகர் கையில் என்ன இருக்கிறது? வராமல் இருக்கலாம். பிட்ஸ்பர்கில் 2015-இல் 25 லட்சத்தை நெருங்கிய கூட்டம் பத்தாண்டில் 15 லட்சம் அளவுக்குச் சுருங்கியது. முதலாளி அசையவில்லை, சீட்டு விற்பனை அவர் வருவாயில் ஒரு பகுதிதான். வராமல் இருந்தால், பாருங்கள் ஊருக்கு அக்கறை இல்லை என்று மூட்டை கட்டவும் அதையே சாக்காக்கலாம். ஓக்லண்ட் ரசிகர்கள் அதனால் தலைகீழாக ஒன்று செய்தார்கள். 2023 ஜூன் 13 அன்று, வேண்டுமென்றே கூடி வந்தார்கள்: 27,759 பேர், விற்றுவிடு என்று எழுதிய பச்சைச் சட்டைகளோடு. அன்று அணி ஜெயித்தும்விட்டது. அதே வாரம் நெவாடா சட்டமன்றம் லாஸ் வேகஸில் புது மைதானத்துக்கு 38 கோடி டாலர் பொதுப்பணம் ஒதுக்கியது. 2024 செப்டம்பர் 26-இல் ஓக்லண்டில் கடைசி ஆட்டம் நடந்தது. ரசிகருக்கு உண்மையான பலம் இருக்கும் இடம் வாக்குச்சாவடிதான் போலும். 2024 ஏப்ரலில் கான்சஸ் சிட்டியை உள்ளடக்கிய ஜாக்சன் மாவட்டம், புது மைதானத்துக்கான விற்பனை வரியை 58 சதவீத வாக்குகளால் நிராகரித்தது. முதலாளி வந்து கெஞ்ச வேண்டியிருந்த ஒரே மேசை அது.

இப்போதைய தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-இல் முடிகிறது. உச்சவரம்புப் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. சிறு நகர ரசிகர்களில் பலர் இந்த முறை முதலாளிகள் பக்கம் நிற்கிறார்கள். டாட்ஜர்ஸைப் பார்த்த எரிச்சல் அது, புரிகிறது. ஆனால் உச்சவரம்பு லாஸ் ஏஞ்சலஸின் கையைக் கட்டுமே தவிர நட்டிங்கின் பையைத் திறக்காது. திறக்க வேண்டுமானால் கட்டாயத் தரைமட்டம் வேண்டும், உள்ளூர் தொலைக்காட்சிப் பணம் இன்னும் அதிகமாகப் பொதுக்குடத்துக்கு வர வேண்டும். முன்னதை ஏற்கச் சிறு முதலாளிகள் தயங்குவார்கள், பின்னதைப் பெரு முதலாளிகள். இருவரும் எளிதில் ஒத்துப்போகக்கூடிய இடம் வீரரின் சம்பளத்தைக் குறைப்பதுதான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: கணக்கு. ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே ஊரில், ரசிகர்களே பங்குதாரர்களாக இருக்கும் பேக்கர்ஸ் கால்பந்து அணி ஆண்டுதோறும் வரவு செலவை வெளியிடுகிறது. லீகிடமிருந்து அதற்கு ஆண்டுக்கு 40 கோடி டாலருக்கு மேல் வருகிறது என்று யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பேஸ்பாலில் அட்லாண்டா ப்ரேவ்ஸ் 2023-இல் பங்குச்சந்தையில் தனி நிறுவனமாகப் பட்டியலிடப்பட்டதால் அதன் கணக்கு வெளியே தெரிகிறது. பைரேட்ஸின் கணக்கை ரசிகர்கள் பார்த்தது யாரோ கசியவிட்ட அந்த ஒரு முறைதான்.